ஆர்க்கிடெக்டோடு ஒரு கலைஞர் சேர்ந்தால்: லண்டன் பூங்காவில் முளைக்கும் மேடைகள்

கட்டடம் எழும்பி, பூச்சு முடிந்து, திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது யாருக்காவது தோன்றும்: "வாசலில் ஒரு சிலை வைத்தால் எடுப்பாக இருக்குமே." அப்புறம் அவசரமாக ஒரு சிற்பியைத் தேடுவார்கள். அவருக்குக் கிடைப்பது நாலடிக்கு நாலடி பீடமும், 'சீக்கிரம் முடித்துக் கொடுங்கள்' என்ற வார்த்தையும்தான். கட்டடமும் கலையும் பெரும்பாலும் சந்தித்துக்கொள்வது இப்படித்தான், கடைசிப் பந்தியில்.

இந்தக் கட்டுரையில் பார்க்கப்போவது நேர்மாறான ஏற்பாட்டை. வரைபடத்தில் ஒரு கோடுகூட விழாத நாளிலேயே கலைஞரும் ஆர்க்கிடெக்டும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? யார் எதைத் தீர்மானிப்பார்கள்? தமிழில் ஆர்க்கிடெக்டைக் 'கட்டடக் கலைஞர்' என்கிறோம். பெயரளவில் இரண்டு பேருமே கலைஞர்கள்தான், வேலையில் அப்படி இல்லை. குழப்பம் வேண்டாம் என்பதற்காக இங்கே ஒருவரைக் கலைஞர் என்றும் மற்றவரை ஆர்க்கிடெக்ட் என்றும் சொல்லிக்கொள்வோம்.

உதாரணத்துக்கு லண்டன் போகலாம். கென்சிங்டன் கார்டன்ஸ் பூங்காவுக்குள் செர்பன்டைன் என்றொரு கலைக்கூடம் இருக்கிறது. 1930களில் தேநீர் விடுதியாகக் கட்டிய கட்டடம்; 1970இல் கலைக்கூடமானது. 2000ஆம் ஆண்டிலிருந்து அநேகமாகக் கோடைதோறும் அதை ஒட்டிய புல்வெளியில் ஒரு பெவிலியன் எழுப்புகிறார்கள். முதலாவதை வடிவமைத்தவர் ஸஹா ஹதீத் என்ற ஆர்க்கிடெக்ட்.

பெவிலியன் என்றதும் நமக்குக் கிரிக்கெட் மைதானம்தான் ஞாபகம் வரும். இது அதுவல்ல. நம் வழக்கில் இதற்கு மிக நெருக்கமான சொல் பந்தல். ஒரு காரியத்துக்காகப் போடுவது, காரியம் முடிந்ததும் பிரிப்பது. கோடை தொடங்கும்போது எழும், இலையுதிர் காலத்தில் போய்விடும். பகலில் காபி குடிக்கலாம், சும்மா உட்காரலாம், பிள்ளைகள் ஓடி விளையாடலாம். சில இரவுகளில் இசை, நாடகம், நடனம், கவிதை வாசிப்பு, விவாதம் எல்லாம் நடக்கும். அந்த நிகழ்ச்சித் தொடருக்குப் 'பார்க் நைட்ஸ்' என்று பெயர். அழைப்பு போவதிலிருந்து பந்தல் நிற்பது வரை ஆறு மாத அளவில்தான் அவகாசம். பிரித்த பிறகு விற்றுவிடுவார்கள், ஆனால் அந்தப் பணம் கட்டிய செலவில் பாதியைக்கூட ஈடுகட்டாது.

எல்லாமே கட்டி முடிந்துவிடும் என்றும் இல்லை. 2004இல் டச்சு நிறுவனமான எம்விஆர்டிவி, கலைக்கூடத்தையே விழுங்கிவிடும் ஒரு செயற்கை மலையைத் திட்டமிட்டது. அது காகிதத்தோடு நின்றுபோனது.

திறந்தவெளி மேடையின் தலைவலிகள்

கலைஞர் வந்து என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்கு முன், ஆர்க்கிடெக்டின் தலைவலிகளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒலி. அரங்கத்துக்குள் பேசினால் சுவரும் கூரையும் குரலைத் திருப்பித் தருகின்றன. திறந்த வெளியில் குரல் போனது போனதுதான். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். பாடுகிறவருக்கு 5 மீட்டர் தள்ளி இருப்பவருக்குக் கேட்பதைவிட 10 மீட்டரில் இருப்பவருக்கு 6 டெசிபல் குறைவு. 20 மீட்டரில் இன்னொரு 6. தலைக்கு மேல் ஒரு கூரையோ முதுகுக்குப் பின்னால் ஒரு சுவரோ இருந்தால் குரலில் கொஞ்சமாவது திரும்பி வரும். அதனால் மேடைக்கு மேல் கூரை என்பது மழைக்காக மட்டும் இல்லை.

அடுத்தது கண்பார்வை. முன்வரிசைக்காரர் தலை பின்வரிசைக்காரரை மறைக்கக் கூடாது. ஒன்று, மேடையை உயர்த்த வேண்டும். இல்லையென்றால் பார்வையாளர்களைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். அதுவும் இல்லையென்றால் தரையைத் தோண்டி மேடையை இறக்க வேண்டும். படி வைத்தால் சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சரிவுப் பாதை வேண்டும். கூட்டம் அவசரமாக வெளியேறவும் வழி வேண்டும்.

மழை, காற்று, மரங்களின் வேர், பழைய கட்டடத்துக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு, பூங்கா நிர்வாகத்தின் அனுமதி, கடைசியில் புல்வெளியை இருந்தபடியே திருப்பித் தர வேண்டிய பொறுப்பு என்று பட்டியல் நீளும். இவற்றுக்கெல்லாம் விடை சொல்வது ஆர்க்கிடெக்டும் கட்டமைப்புப் பொறியாளரும். இந்தப் பொறியாளரை யாரும் கண்டுகொள்வதில்லை. செர்பன்டைனில் அதற்கு ஒரு விதிவிலக்கு, கொழும்பில் பிறந்த செசில் பால்மண்ட். 2002இல் ஆர்க்கிடெக்ட் டோயோ இட்டோவுடனும், 2006இல் ஆர்க்கிடெக்ட் ரெம் கூல்ஹாஸுடனும் வடிவமைப்பாளராகவே அவர் பெயர் சேர்ந்து வந்தது.

சரி, இதில் கலைஞருக்கு எங்கே இடம்?

எனக்குப் பிடிபட்ட வரையில், இடம் இருப்பது யாரும் பெரிதாக யோசிக்காத ஒரு கேள்வியில். நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் இந்த மேடை என்னவாக இருக்கும்? பூங்காவில் ஒரு மேடை வாரத்தில் ஒரு மாலை இயங்கினால் பெரிய விஷயம். மீதி நேரமெல்லாம் அது சும்மா கிடக்கும். கச்சேரி முடிந்த மறுநாள் காலை அந்த மேடையைப் பார்த்தால் தெரியும், மடக்கு நாற்காலிகளும் காலித் தண்ணீர் பாட்டில்களும்தான் மிச்சம் இருக்கும். ஆர்க்கிடெக்டுக்குக் கிடைக்கும் வேலைக்குறிப்பில் 'இத்தனை பேர் உட்கார வேண்டும்' என்று இருக்கும். 'யாருமே இல்லாதபோது இங்கே வரும் ஒரு ஆளுக்கு என்ன கிடைக்கும்' என்று இருக்காது. நல்ல கலைஞர் அந்த இரண்டாவது கேள்வியை உள்ளே கொண்டுவருகிறார். கேள்வி மாறினால் கட்டடமும் மாற வேண்டியிருக்கிறது.

2007இல் இது நடந்தது. ஒலாஃபூர் எலியாசன் ஒளி, நிறம், பனிமூட்டம் இவற்றை வைத்து வேலை செய்யும் கலைஞர். டென்மார்க்கிலும் ஐஸ்லாந்திலும் வேர் உள்ளவர். ஷெட்டில் தோர்சன் நார்வேயின் ஸ்னோஹெட்டா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இருவரும் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்கள். ஸ்னோஹெட்டா வடிவமைத்த ஆஸ்லோ ஆப்ரா மாளிகைக்கு எலியாசனும் வேலை செய்திருந்தார். லண்டன் புல்வெளியில் இவர்கள் வைத்தது மரத்தாலான ஒரு பம்பரம். அதன் வெளிப்புறத்தைச் சுற்றி ஒரு அகலமான சரிவுப் பாதை. இரண்டு முழுச் சுற்று சுற்றி மேலே போகும். வழியில் நடுவிலிருக்கும் கூடத்துக்குள் நுழைந்து உட்காரலாம், அல்லது நடந்துகொண்டே உச்சிக்குப் போகலாம். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் பூங்கா தெரியும், மறுபக்கம் குனிந்தால் கீழே கூடத்தில் இருப்பவர்கள் தெரிவார்கள்.

நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் அது நடப்பதற்கான இடம். நிகழ்ச்சி இருக்கும்போது நடக்கிறவரும் பார்வையாளர்தான். அதே சமயம் கீழே இருப்பவர்கள் அண்ணாந்தால் அவரே காட்சியும் ஆகிவிடுகிறார். அந்த அக்டோபரில் எலியாசனும் கலைக்கூடத்தின் ஹான்ஸ் உல்ரிச் ஒப்ரிஸ்டும் சேர்ந்து அங்கே 'சோதனை மாரத்தான்' ஒன்று நடத்தினார்கள். விஞ்ஞானிகளும் கலைஞர்களும் வரிசையாக வந்து பார்வையாளர்கள் முன்னால் சோதனைகள் செய்து காட்டினார்கள். சரிவுப் பாதைக்கு மேடை என்று தனியாகப் பெயர் வைக்கவில்லை, ஆனால் அதுவும் ஒரு மேடையாகத்தான் இருந்தது.

இங்கே 'இது எலியாசன் யோசனை, இது தோர்சன் யோசனை' என்று பிரிக்கப் போனால் மாட்டிக்கொள்வோம். நடப்பது என்ற அனுபவம் எலியாசனின் கலையில் ஏற்கெனவே உண்டு. கூரை மீது மக்களை நடக்க விடுவது ஸ்னோஹெட்டாவின் ஆஸ்லோ ஆப்ராவிலும் உண்டு. இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு ஆசை முதலிலேயே இருந்திருக்கிறது.

பன்னிரண்டாவது பந்தல்

2012தான் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். அதில் மூன்று பேர். சீனக் கலைஞர் அய் வெய்வெய். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த ஆர்க்கிடெக்டுகள் ஜாக் ஹெர்ட்சோக், பியேர் டி மெரோன். பின்னவர்கள் இருவரும் சிறுவயதுத் தோழர்கள், ஒரே ஆண்டில், 1950இல் பிறந்தவர்கள். லண்டனுக்கு அவர்கள் புதியவர்களல்ல. பழைய மின்நிலையத்தை டேட் மாடர்ன் அருங்காட்சியகமாக மாற்றியது அவர்கள்தான். அதே டேட் மாடர்னின் பெரிய கூடத்தில் 2010இல் அய் வெய்வெய் பீங்கானால் செய்த பத்துக் கோடி சூரியகாந்தி விதைகளைக் கொட்டி வைத்தார். மூவரும் ஒன்றாகச் செய்த பெரிய வேலை பெய்ஜிங்கில் இருக்கிறது, 2008 ஒலிம்பிக்ஸுக்கான 'பறவைக் கூடு' விளையாட்டரங்கம். அதில் அய் வெய்வெய் கலை ஆலோசகர். பிறகு அந்த ஒலிம்பிக்ஸ் அரசு விளம்பரமாகிவிட்டது என்று சொல்லி அவர் விலகி நின்றது தனிக் கதை.

2012இல் ஒலிம்பிக்ஸ் லண்டனில். பறவைக் கூட்டைக் கட்டியவர்களையே செர்பன்டைன் அழைத்தது. ஒரு சிக்கல் இருந்தது. அய் வெய்வெய் 2011 ஏப்ரலில் கைதாகி 81 நாள் காவலில் இருந்தவர். வெளியே வந்த பிறகும் பாஸ்போர்ட் அவர் கையில் இல்லை. பெய்ஜிங்கை விட்டு அவர் நகர முடியாது. பாசலுக்கும் பெய்ஜிங்கிற்கும் இடையே ஸ்கைப்பில் பேசிப் பேசித்தான் வேலை நடந்தது.

அவர்கள் முன்னால் இருந்த புல்வெளியில் அதுவரை பதினொரு பந்தல்கள் நின்று போயிருந்தன. முட்டை வடிவ பலூன் கூரை, பம்பரம், மரச் சட்டங்களாலான வீதி, கண்ணாடிபோல் மின்னும் அலைக்கூரை, ரத்தச் சிவப்புக் கூடாரம், கருப்புச் சுவருக்குள் ஒளிந்த தோட்டம் என எல்லா வடிவமும் வந்தாகிவிட்டது. பன்னிரண்டாவதாக நாம் வேறு ஒரு புது வடிவத்தை வைக்க வேண்டுமா? இதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். மேலே கட்டுவதற்குப் பதில் கீழே தோண்டலாம்.

சுமார் 5 அடி தோண்டினார்கள். பழைய பந்தல்களின் அஸ்திவார எச்சங்கள், நிரப்பிய மண், தொலைபேசிக் கேபிள்கள் என்று என்னென்னவோ அடியில் இருந்தன. தொல்லியல் குழி தோண்டுகிறவர்களைப் போல இவற்றைப் பார்த்து, பதினொரு பந்தல்களின் அஸ்திவாரக் கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டார்கள். தையல்காரர் ஒரே தாளில் பல சட்டைகளுக்கு அளவு வரைந்தது போல ஒரே சிக்கல். ஆனால் அந்தச் சிக்கலிலிருந்துதான் படிகள், மேடுகள், திண்ணைகள், பள்ளங்கள் எல்லாம் வந்தன. எந்தப் படி எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் அழகு பார்த்து வைக்கவில்லை; பழைய கட்டடங்கள் வைத்துக் கொடுத்தன.

பதினொரு தூண்கள் பழைய பதினொரு பந்தல்களுக்காக. பன்னிரண்டாவது தூண் இவர்களுடையது. அதை மட்டும் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், சீட்டாட்டத்தில் ஜோக்கர் போல. பன்னிரண்டு தூண்களின் மேல் ஒரு வட்டக் கூரை. தரையிலிருந்து அதன் உயரம் 1.4 மீட்டர். சராசரி ஆளின் நெஞ்சு உயரம்தான். வெளியே நிற்பவர் கூரையைக் கீழ்நோக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கட்டடத்தின் கூரையைப் பக்கத்தில் நின்றபடி அப்படிப் பார்ப்பது எத்தனை இடத்தில் முடியும்?

கூரைமேல் மெல்லிய பரப்பாகத் தண்ணீர் நின்றது. அதில் மரங்களும் மேகங்களும், பின்னால் இருந்த கலைக்கூடமும் பிரதிபலித்தன. பள்ளத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் கிணறு போல ஒரு குழி, லண்டன் மழையை வாங்கிக்கொள்ள. இப்போது என் கேள்விக்கு வருகிறேன். நிகழ்ச்சி இல்லாத நாளில் இது மேலே ஒரு குளம், கீழே ஒரு நிழல். விசேஷ நிகழ்ச்சி என்றால்? குளியல் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்குவது போலத் தண்ணீரைத் திறந்துவிட்டால் அது கீழே குழிக்குப் போய்விடும். காய்ந்த கூரை நடனத் தளமாகிவிடும். பூங்காவுக்கு நடுவில், நெஞ்சு உயரத்தில் மிதக்கும் வட்ட மேடை.

இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கூரை, மழைநீர் வடிகால், மேடை என்று ஆர்க்கிடெக்டின் பட்டியலில் மூன்று தனித்தனி விஷயங்களாக இருக்க வேண்டியவை இங்கே ஒன்றாகிவிட்டன. தண்ணீர் நின்றால் கூரையின் எடை கூடும். வட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 10 கிலோ. தண்ணீர் போய் மனிதர்கள் ஏறி ஆடினால் எடை இன்னும் வேறு மாதிரி வரும், அதிரவும் செய்யும். தூண்கள் இரண்டையும் தாங்க வேண்டும். தண்ணீர் ஒரு துளியும் உள்ளே ஒழுகக் கூடாது. 'கூரைமேல் வானம் தெரிய வேண்டும்' என்று ஒருவர் சொல்வது எளிது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

உள்பக்கம் முழுக்கக் கார்க். பாட்டில் மூடிக்குப் பயன்படுகிற அதே பொருள், ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. மரத்தை வெட்டாமல் சுமார் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்தெடுப்பார்கள்; உலகில் அதிகம் கிடைப்பது போர்ச்சுகலில். உட்காரப் போட்டிருந்த ஸ்டூல்கள்கூடக் கார்க்தான், அதுவும் மூடியின் வடிவிலேயே. நிறம் தோண்டிய மண்ணோடு ஒத்துப்போகும், தொட்டால் சில்லென்று இருக்காது, மெத்தென்று இருக்கும், மணமும் உண்டு. இதெல்லாம் கலைஞர் சொல்லும் காரணங்கள் மாதிரி இருக்கின்றன. ஆர்க்கிடெக்டுக்கும் காரணம் உண்டு. இலேசானது, வெட்டவும் செதுக்கவும் எளிது, ஈரத்தைத் தாங்கும். தாழ்ந்த கூரையுள்ள ஒரு பள்ளத்தில் வெறும் கான்கிரீட் என்றால் பத்துப் பேர் பேசினாலே காது அடைத்துவிடும். கார்க் அந்த இரைச்சலைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஒரே பொருளை இருவரும் வெவ்வேறு காரணத்துக்காக விரும்பினால், அந்தப் பொருள் கடைசிவரை திட்டத்தில் தங்கும். ஒருவர் மட்டும் விரும்புவதுதான் செலவைக் குறைக்கும் நாளில் முதலில் வெட்டுப்படும்.

குறை இல்லையா? உண்டு. தொல்லியல் என்ற கற்பனையை அளவுக்கு மீறி நம்பச் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். பந்தல்களுக்கு வயது பன்னிரண்டே ஆண்டு. தோண்டியெடுத்த எச்சத்தைவிட வரைபடத்திலிருந்து எடுத்த கோடுகளே அந்தப் பள்ளத்தில் அதிகம் பேசுகின்றன. விளக்கம் தெரியாமல் உள்ளே போகும் ஒருவருக்கு அது ஏறி இறங்கி விளையாட வசதியான ஒரு பழுப்புப் பள்ளம், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகளுக்கு அது போதும்.

பெயர்ப்பலகை சொல்வது

கூட்டுவேலை எப்படி நடந்தது என்று அறிய ஒரு குறுக்குவழி, பெயரை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது. 2007இல் கலைஞர் பெயரும் ஆர்க்கிடெக்ட் பெயரும் சமமாக நின்றன. 2012இல் மூவர். 2022இல் நிலைமை தலைகீழ். வடிவமைப்பாளர் என்று ஒரே பெயர், சிகாகோ கலைஞர் தியாஸ்டர் கேட்ஸ். கட்டடத் துணை என்ற இடத்தில் ஆர்க்கிடெக்ட் நிறுவனமான அட்ஜாயே அசோசியேட்ஸ். அதுவரை ஆர்க்கிடெக்டின் பெயருக்குப் பக்கத்தில் நின்ற கலைஞர், அங்கே தனியாக முன்னால் வந்தார்.

கேட்ஸ் மண்பாண்டக் கலையும் நகரத் திட்டமிடலும் படித்தவர், பாடவும் செய்வார். அவருடைய 'பிளாக் சாப்பல்' (கருப்புச் சிற்றாலயம்) கருப்பு மரத்தாலான பெரிய உருளை. இங்கிலாந்தின் ஸ்டோக் நகரத்துப் பழைய பாண்டச் சூளைகள் அந்த வடிவத்துக்கு ஒரு தூண்டுதல். கூரை நடுவில் வட்டத் திறப்பு, வெளிச்சத்துக்கு அதுதான் முக்கிய வழி. வாசலருகே ஒரு மணி. சிகாகோவின் தென்பகுதியில் இடிக்கப்பட்ட செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்திலிருந்து வந்தது. உள்ளே சுவரில் ஏழு தார் ஓவியங்கள். கேட்ஸின் அப்பா கூரைக்குத் தார் பூசும் தொழிலாளி. அப்பாவின் கைவேலை மகனிடம் ஓவியமாக வந்து நிற்கிறது.

யாரும் பாடாத நேரத்தில் அந்த இடம் என்ன? அமைதியாக உட்காரும் இடம். வேண்டுமென்றேதான் அதற்குச் 'சாப்பல்' என்று பெயர். பாடகர் குழு வந்து நின்றால் உருளைச் சுவர் குரலை வாங்கித் திருப்பித் தரும். இங்கே ஆர்க்கிடெக்டின் வேலை குறைந்துவிடவில்லை. மரச் சட்டங்களை எப்படிக் கோப்பது, திறப்பின் வழியே வரும் மழை எங்கே போகும், பிரித்தால் மீண்டும் எப்படிப் பூட்டுவது என்பதெல்லாம் அவர்கள் பாடு. முதல் கேள்வி மட்டும் அவர்களுடையது அல்ல.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒருவர் 'அப்படியென்றால் கலைஞர் இல்லாத மேடை மோசமா' என்று கேட்கலாம். இல்லவே இல்லை. 2008இல் ஆர்க்கிடெக்ட் பிராங்க் கெரி தன் மகன் சாமுவேலுடன் சேர்ந்து கட்டியது, மரச் சட்டங்களுக்குக் கீழே கண்ணாடித் தகடுகள் தொங்கும் ஒரு வீதி; இரு பக்கமும் படிவரிசை, நேரடி நிகழ்ச்சிகளுக்கென்றே திட்டமிட்ட இடம். கலைஞர் பெயர் ஏதும் அதில் இல்லை. கெரியே பாதிச் சிற்பி என்று சொன்னால் மறுக்க ஆளில்லை. கூட்டு சரியாக அமையாவிட்டால் பழைய கதைதான் திரும்பும், ஆர்க்கிடெக்ட் பெட்டியைச் செய்வார், கலைஞர் அதற்கு வண்ணம் அடிப்பார்.

2012 அக்டோபரில் அந்தக் கார்க் பள்ளத்தை மூடினார்கள். பெவிலியனை எஃகுத் தொழிலதிபர் லட்சுமி மிட்டலும் அவர் மனைவி உஷாவும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த கோடையில் அதே புல்வெளியில் சோ ஃபூஜிமோட்டோவின் வெள்ளைக் கம்பி மேகம் நின்றது. அய் வெய்வெய்க்குப் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது 2015 ஜூலையில். அந்தச் செப்டம்பரில், ராயல் அகாடமியில் நடந்த தன் கண்காட்சிக்காக அவர் லண்டன் வந்தார். அப்போது செர்பன்டைன் புல்வெளியில் இருந்தது ஸ்பெயின் நாட்டு ஆர்க்கிடெக்டுகள் இருவர் செய்த, பல வண்ண பிளாஸ்டிக் தாள் போர்த்திய ஒரு குகைப் பாதை.